பிப்ரவரித் தாள்: அமெரிக்கப் பள்ளிக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு

ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையின் புத்தகப் பையைத் திறந்தால், பாதி கடித்த ஆப்பிளுக்கு அடியில் கசங்கிய தாள் ஒன்று கிடக்கும். பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம், உங்கள் பிள்ளை ஒரு வரலாற்று மனிதரைப் பற்றிப் படித்து, மூன்று மடிப்பு அட்டையில் ஒட்டி, அவரைப் போல உடையணிந்து வந்து ஒரு நிமிடம் பேச வேண்டும் என்று அதில் இருக்கும்.

நியூ ஜெர்சிக்கு வந்த முதல் வருஷம் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். மார்ட்டின் லூதர் கிங் தெரியும், முகம்மது அலி தெரியும், ஒபாமா தெரியும். அதோடு என் சரக்கு தீர்ந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் இருந்த மகளுக்கு ஆசிரியை கொடுத்திருந்த பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். முதல் ஜனாதிபதிக்கு இப்படியும் ஒரு முழுப்பெயர் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் ஞானம்.

இப்போது எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் பிப்ரவரியானால் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வேலை: நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நாள். பள்ளி விடுமுறை. 1983இல் சட்டமாகி, 1986இல் முதன்முறை தேசிய விடுமுறையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. இதைத் தொண்டு செய்யும் நாளாகவும் வைத்திருப்பதால் அதற்கு முந்தைய வாரம் டப்பா உணவு கொண்டுவரச் சொல்வார்கள். கொண்டைக்கடலை டப்பா போதும், தேடி அலைய வேண்டாம்.

பிப்ரவரி முழுவதும் கறுப்பின வரலாற்று மாதம். ஜூன் 19 'ஜூன்டீன்த்'. 1865இல் டெக்சஸின் கால்வெஸ்டன் நகரில் ராணுவத் தளபதி ஒருவர் வந்து, அடிமைகள் எல்லோரும் விடுதலை பெற்றுவிட்டார்கள் என்று அறிவித்த நாள். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்து இரண்டரை ஆண்டு ஆன பிறகு வந்த அறிவிப்பு அது. 2021 முதல் தேசிய விடுமுறை. பல மாநிலங்களில் அதற்குள் கோடை விடுமுறை வந்துவிடுவதால் பள்ளியில் இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

லண்டனில் இருக்கும் உறவினரின் பிள்ளைகளுக்கு இந்த மாதம் அக்டோபரில் வரும். அங்கே 1987இல் தொடங்கினார்கள். கனடாவில் பிப்ரவரிதான், அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்ணான ஜீன் அகஸ்டின் 1995இல் கொண்டுவந்த தீர்மானத்தின்படி 1996 முதல் நடக்கிறது. அங்கே ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் என்பதால், டொராண்டோவில் இருக்கும் என் சித்தி மகள், "அறிவிப்புப் பலகையில் நாங்கள் இறங்க அவர்கள் ஏறுகிறார்கள்" என்பாள்.

ஏன் பிப்ரவரி? இதைப் பிள்ளை கட்டாயம் கேட்கும். மாதங்களிலேயே குட்டையானதைப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்று கிண்டல் உண்டு. நடந்தது வேறு. கார்ட்டர் உட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். பிப்ரவரி 12 லிங்கனின் பிறந்தநாள். 14, அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்து பெரும் பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாள். கறுப்பின மக்கள் இந்த இரண்டு நாள்களையும் ஏற்கெனவே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கத்தின் மேலேயே உட்சன் தன் வாரத்தை ஏற்றி வைத்தார்.

டக்ளஸின் பிறந்தநாள் உண்மையில் யாருக்கும் தெரியாது. அடிமையின் பிள்ளைக்குப் பிறந்த தேதியைச் சொல்வார் இல்லை. அவரே பின்னாளில் 14ஐத் தேர்ந்துகொண்டார். இதை மகளுக்குச் சொன்னபோது, "தாத்தாவுக்கும் அப்படித்தானே?" என்றாள். என் அப்பாவின் பிறந்தநாள், பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் மனம்போன போக்கில் போட்ட தேதி. ஒன்று போலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. தாத்தாவின் பிறந்தநாளை அவர் அம்மா எழுதிவைக்கவில்லை. டக்ளஸை அவர் அம்மாவிடமிருந்தே பிரித்துவிட்டார்கள். இந்த வித்தியாசத்தைப் பேசி முடிக்க எங்களுக்கு ஒரு இரவுச் சாப்பாடு முழுக்க ஆனது.

உட்சனைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவையுங்கள். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளியில் காலெடுத்து வைத்தார். 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். அவர் நினைத்த வாரம், ஆண்டு முழுவதும் வகுப்பில் படித்ததை எடுத்துக்காட்டும் வாரம். ஆண்டு முழுவதும் படிக்காததை ஏழு நாளில் கொட்டித் தீர்ப்பதற்காக அவர் அதைத் தொடங்கவில்லை. 1970இல் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் அதை மாதமாக நடத்தினார்கள். 1976இல் ஜனாதிபதி ஃபோர்டு அங்கீகரித்தார். மாதமாக நீண்ட பிறகும் உட்சனின் மனக்குறை பல பள்ளிகளில் தீராமல் அப்படியே இருக்கிறது. மார்ச் 1 அன்று சுவரில் இருக்கும் படங்களைக் கழற்றிவிடுவார்கள்.

இரண்டாவது: உங்கள் மாநிலம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

நம் ஊர் மாதிரி இங்கே ஒரே பாடநூல் கிடையாது. என்ன கற்பிக்க வேண்டும் என்பதை மாநிலம் வகுக்கும். எப்படி, எந்தப் புத்தகத்தில் என்பதை உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் முடிவு செய்யும். அதனால் நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் அக்கா பிள்ளை படிப்பதும் டெக்சஸின் டல்லஸில் இருக்கும் தம்பி பிள்ளை படிப்பதும் ஒன்றாக இருக்காது.

நியூ ஜெர்சியில் 2002இல் 'அமிஸ்டாட்' பெயரில் ஒரு சட்டம் வந்தது. அமிஸ்டாட் என்பது கப்பல். 1839இல் அதில் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கிளர்ந்தெழுந்து கப்பலைக் கைப்பற்றினார்கள். ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றை வழக்கமான வரலாற்றுப் பாடத்துக்குள்ளேயே சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். பக்கத்தில் ஃபிலடெல்ஃபியா நகரப் பள்ளிகளில் 2005 முதல் உயர்நிலைப் பள்ளி முடிக்க வேண்டுமானால் இதைத் தனிப்பாடமாகப் படித்தே ஆக வேண்டும்.

ஃபுளோரிடாவின் கதை விசித்திரமானது. இந்த வரலாற்றைக் கற்பிக்க வேண்டும் என்று 1994இலேயே சட்டம் போட்ட மாநிலம். அதே மாநிலம் 2022இல் வகுப்பறையில் இனம் பற்றி எதை எப்படிச் சொல்லலாம் என்பதற்கு வேலி போட்டது. 2023 ஜனவரியில், கல்லூரி மதிப்பெண் தரும் ஏ.பி. ஆப்பிரிக்க அமெரிக்கவியல் பாடத்தை உள்ளே விட மறுத்தது. டெக்சஸும் 2021இல் இதே வகையில் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட மாநிலங்களில் ஆசிரியர் சில கேள்விகளுக்கு மழுப்பினால், அவருக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். வேலை போய்விடுமோ என்ற பயமாகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. செப்டம்பரில் பெற்றோரை வகுப்பறைக்கு அழைக்கும் மாலை ஒன்று வரும். தவறவிடாதீர்கள். "சமூக அறிவியலில் இந்த ஆண்டு எந்தெந்தப் பகுதி வருகிறது? பிப்ரவரிக்கு என்ன திட்டம்?" என்று கேளுங்கள். அங்கே நம்மவர்கள் எல்லோரும் கணக்கைப் பற்றி மட்டும் கேட்பார்கள். வரலாற்றைப் பற்றிக் கேட்கும் தாயை ஆசிரியை நினைவில் வைத்திருப்பார்.

எந்த வகுப்பில் என்ன வரும்

இரண்டாம் வகுப்பு வரை கதை நேரம்தான். படப் புத்தகங்கள், கிங், ரோசா பார்க்ஸ், ரூபி பிரிட்ஜஸ். இதில் ரூபியின் கதை சின்னப் பிள்ளைகளின் மனத்தில் ஆழமாக இறங்குகிறது, ஏனென்றால் அது ஒரு பள்ளிக்கூடத்தின் கதை. 1960 நவம்பர் 14. நியூ ஆர்லியன்ஸ் நகரம். அதுவரை வெள்ளையருக்கு மட்டுமாக இருந்த தொடக்கப் பள்ளிக்குள் ஆறு வயதுச் சிறுமி நுழைகிறாள். வெளியே பெரியவர்கள் கூச்சலிட, அரசுக் காவலர்கள் சூழ நடக்கிறாள். மற்ற பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டதால் அந்த ஆண்டு முழுக்க ஒரே ஆசிரியை, ஒரே மாணவி. பார்பரா ஹென்றி என்பது அந்த ஆசிரியையின் பெயர். மகள் இதைக் கேட்டுவிட்டு வந்து, "விளையாட்டு நேரத்தில் யாரோடு விளையாடினாள்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அந்தப் புகைப்படங்கள் கறுப்பு வெள்ளையில் இருப்பதால் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ராஜா காலத்துக் கதையாகத் தோன்றும். ரூபி பிறந்தது 1954இல். என் மாமியாரைவிட ஒரு வயது இளையவர். இப்படி வீட்டிலிருக்கும் யாருடைய வயதோடாவது ஒட்டிச் சொல்லுங்கள், சட்டென்று பிடிபடும்.

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாழ்க்கை வரலாறுகளும் அந்த அட்டை வேலைகளும். அடிமை முறை என்ற சொல்லைப் பிள்ளை முதலில் சரியாகக் கேட்பது அநேகமாக இந்த வயதில்தான். ஆறு முதல் எட்டுக்குள் உள்நாட்டுப் போரும் அரசியல் சட்டத்தின் 13, 14, 15ஆம் திருத்தங்களும் வரும். 14ஆம் திருத்தம் வரும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை என்பதைப் பற்றி நம் வீடுகளில் பேசாத நாளில்லை. விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும் இந்நாட்டுக் குடிமக்களே என்று உறுதி செய்ய 1868இல் எழுதப்பட்ட வரி அது. நம் குழந்தைகளுக்காக யாரும் அப்போது எழுதவில்லை.

உயர்நிலைப் பள்ளியில் மீண்டும் எல்லாம் வரும், இன்னும் கனமாக. மேலே சொன்ன ஏ.பி. ஆப்பிரிக்க அமெரிக்கவியல் பாடம் 2024-25 கல்வியாண்டு முதல், மாநிலம் மறுக்காத எல்லாப் பள்ளிகளுக்கும் திறந்திருக்கிறது. உங்கள் பள்ளி நடத்துகிறதா என்பது வேறு கேள்வி.

நூலகம் பற்றி ஒரு வார்த்தை. பிப்ரவரி பிறந்த பிறகு போனால் அலமாரி காலியாக இருக்கும். பொங்கல் முடிந்த கையோடு நூலக இணையதளத்தில் நான்கு புத்தகங்களை முன்பதிவு செய்துவிடுங்கள்.

தாள் வந்த பிறகு: எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது

கார்வருக்கு வருகிறேன். மகள் இணையத்தில் பார்த்துவிட்டு அட்டையின் நடுவில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டாள்: 'வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர்'. சுற்றிலும் கடலை படம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவளை நூலகப் புத்தகம் ஒன்றைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு முகம் வாடிப்போய் வந்தாள். வேர்க்கடலை வெண்ணெய் அவருக்கு முன்பே இருந்திருக்கிறது. அவர் கண்டுபிடிக்கவில்லை.

"அப்படியானால் அவர் என்னதான் செய்தார்?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உண்மையான படிப்பு தொடங்கியது. அடிமையாகப் பிறந்தவர். அயோவாவில் வேளாண்மை படித்து 1896இல் அலபாமாவின் டஸ்கிகீ கல்விக்கூடத்துக்கு வந்தார். சுற்றிலும் ஏழைக் கறுப்பின விவசாயிகள். வருஷம் தவறாமல் பருத்தியே போட்டு மண் செத்துக் கிடந்தது. கடலையும் காராமணியும் போடுங்கள், மண் தேறும் என்றார் அவர். விளைந்த கடலையை என்ன செய்வது என்று கேட்டவர்களுக்காக 1916இல், மனிதர் உண்ணும்படி கடலையைச் சமைக்க 105 வழிகள் என்று ஒரு சிறு வெளியீடு போட்டார். பள்ளிக்கு வர முடியாத விவசாயிகளிடம் ஒரு வண்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு வகுப்பே போனது.

அன்று இரவு ஊருக்குப் பேசும்போது மகள் இதைத் தாத்தாவிடம் சொன்னாள். விழுப்புரம் பக்கம் ஆயுள் முழுக்கக் கடலை போட்டவர் அவர். "பருத்திக்குப் பின்னால் பயறு போட்டால் மண் தேறும் என்பது எனக்குத் தெரியாதா? நல்ல மனுஷன். வேர் முடிச்சைப் பற்றிச் சொன்னாரா, கேள்" என்றார். மறுநாள் அட்டையில் நடு வரி மாறியது: 'மண்ணைக் காப்பாற்றிய ஆசிரியர்'. கீழே மூலையில் வேர் முடிச்சோடு ஒரு கடலைச் செடி. வேரின் படம் தாத்தா சொல்லச் சொல்ல வரைந்தது.

உங்கள் பிள்ளைக்கு எந்தப் பெயர் வந்தாலும் இதே சோதனையை வைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த அந்த ஒரு வரி உண்மையா? 1955இல் அலபாமாவின் மான்ட்கோமரியில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விடச் சொன்னபோது, ரோசா பார்க்ஸ் வேலை முடிந்து களைத்துப்போய் எழ மறுத்தார் என்று எழுதியிருப்பார்கள். அவருக்கு அப்போது 42 வயது. உரிமை இயக்கத்தின் உள்ளூர்க் கிளையில் பல ஆண்டுகள் செயலாளராக வேலை பார்த்தவர். அந்தக் கோடையில்தான் போராட்டப் பயிற்சி முகாமுக்கும் போய்வந்திருந்தார். அவருக்கு ஒன்பது மாதம் முன்பு, அதே மான்ட்கோமரியில், கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி பஸ்ஸில் எழ மறுத்துக் கைதானாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை கால்வினைத் தேர்ந்தெடுத்தால் வகுப்பில் அதே பெயரோடு இன்னொருவர் நிற்க மாட்டார். அடிமைத்தனத்திலிருந்து தானும் தப்பிவந்த ஹாரியட் டப்மன் 300 பேரை அதிலிருந்து மீட்டார் என்று பழைய புத்தகங்களில் இருக்கும்; ஏறத்தாழ 13 பயணங்களில் சுமார் 70 பேர் என்பதே இன்றைய ஆய்வாளர்கள் ஏற்கும் கணக்கு. எண்ணிக்கை குறைந்ததால் அவர் பெருமை குறையவில்லை. பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே 13 முறை திரும்பிப் போனவர்.

இனி உடை. இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

பிள்ளையின் முகத்தில், கையில், எங்கேயும் கறுப்புச் சாயம் பூசாதீர்கள். மை, புருவப் பென்சில், எதுவும் வேண்டாம். நம் ஊர் மாறுவேடப் போட்டியில் பாரதிக்கு மீசை வரைகிறோம், கண்ணனுக்கு நீலம் பூசுகிறோம்; அந்தப் பழக்கத்தில் கை தானாகவே மைடப்பாவைத் தேடும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் காலை ஏழு மணிக்குப் பையனைக் கண்ணாடி முன் நிறுத்தி, கையில் மையோடு எனக்கு ஃபோன் செய்தாள், "எவ்வளவு பூச வேண்டும் அக்கா?" என்று. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். இந்த நாட்டில் 1830கள் முதல் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைச் சோம்பேறிகளாகவும் முட்டாள்களாகவும் காட்டிச் சிரிக்க வைத்த மேடைக் கூத்துகள் நூறாண்டுக்கு மேல் நடந்தன. அந்தச் சாயத்துக்கு இங்கே வேறு பொருளே கிடையாது. உங்கள் எண்ணம் நல்லது என்பது அந்த வகுப்பில் இருக்கும் கறுப்பினக் குழந்தைக்குத் தெரியாது. சுருட்டை முடி விக்கும் வேண்டாம்.

கார்வருக்கு ஒரு பழைய கோட்டும் சட்டையில் குத்திய பூவும் போதும். அவர் எப்போதும் பூ குத்திக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. கடலை மனிதர்தானே என்று வகுப்புக்குக் கடலை மிட்டாய் கொடுத்தனுப்பாதீர்கள். நான் டப்பாவில் அடுக்கி மூடியும் விட்டேன். நல்லவேளை, மகளே சொல்லித் தடுத்தாள். ஒவ்வாமை காரணமாகப் பல வகுப்பறைகளில் கடலைக்குத் தடை. கார்வருக்கே வாசலில் இடமில்லை.

விழா நாளில்

அநேகமாக இப்படி இருக்கும்: பிள்ளைகள் வரிசையாகச் சிலைபோல நிற்பார்கள், கையில் ஒட்டிய காகிதப் பொத்தானை நீங்கள் அழுத்தினால் உயிர்பெற்றுப் பேசுவார்கள். எல்லாப் பொத்தானையும் அழுத்துங்கள். உங்கள் பிள்ளையின் பொத்தானை மட்டும் அழுத்தி வீடியோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் பெற்றோர் நிறையப் பேர். பெற்றோர் வராத பிள்ளைகள் பொத்தானைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

சில பள்ளிகளில் 'லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்' என்ற பாட்டு பாடப்படும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். கறுப்பினத் தேசிய கீதம் என்று சொல்லப்படும் இந்தப் பாட்டு பிறந்ததே ஒரு பள்ளிக்கூடத்தில். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் தலைமையாசிரியராக இருந்த ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் எழுதினார், அவர் தம்பி இசையமைத்தார். 1900 பிப்ரவரி 12, லிங்கன் பிறந்தநாளில், 500 பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து முதன்முறை பாடினார்கள்.

வீட்டில் நாம் பேசும் தமிழ்

ஊரில் நாம் படித்த புத்தகங்களில் 'நீக்ரோ' என்றுதான் இருந்தது. இன்று அந்தச் சொல்லை யாரையும் குறிக்கப் பயன்படுத்தக் கூடாது. உட்சனின் காலத்து வெளியீடுகளில் பிள்ளை அதைப் பார்க்கும். அந்தக் காலப் பெயர் என்று சொல்லிவிடலாம். அதைவிடக் கொடிய இன்னொரு வசைச்சொல் பாட்டுகளில் காதில் விழும். பாட்டில் வருகிறதே என்று பிள்ளை பாடிக்காட்டக் கூடாது. இதற்குச் சலுகையே இல்லை. தமிழில் கறுப்பினத்தவர், ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று சொல்லுங்கள். 'அடிமைகள்' என்பதற்குப் பதிலாக 'அடிமைப்படுத்தப்பட்டவர்கள்' என்று ஆசிரியர்கள் இப்போது சொல்லித்தருகிறார்கள். நாக்கில் நீளமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எவனோ ஒருவன் அவர்களை அப்படி ஆக்கினான் என்பது அந்தச் சொல்லில் தெரிகிறது.

கடைகளில் வரிசையில் நிற்கும்போது, யாருக்கும் புரியாது என்று நம்பி 'கருப்பன்', 'கருப்பி' என்று நாம் தமிழில் பேசிக்கொள்வது உண்டு. பக்கத்தில் நிற்கும் நம் பிள்ளைக்குப் புரிகிறது. ஊரில் கருப்பசாமி காவல் தெய்வம், கருப்பாயி பாட்டியின் பெயர். இங்கே அந்தத் தொனியில் நாம் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்பது நமக்கே தெரியும். பிறந்த குழந்தையைப் பார்த்து "நல்ல நிறம்" என்று வாழ்த்துகிற அத்தையும் அதே வீட்டில்தான் இருக்கிறார். பிப்ரவரியில் அட்டை ஒட்டிவிட்டு மார்ச்சில் முகம் வெளுக்கும் கிரீம் வாங்கினால், பிள்ளை இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

ஏதாவது தவறாகப் போனால்

எல்லா ஆசிரியரும் தேர்ந்தவர்கள் அல்ல. சில பள்ளிகளில் பிள்ளைகளை அடிமைச் சந்தைபோல நடித்துக்காட்டச் சொல்லிச் செய்தியானது உண்டு. 2018இல் டெக்சஸில் ஒரு பள்ளியில், அடிமை வாழ்வின் நன்மைகள் ஒரு பக்கம், தீமைகள் மறுபக்கம் என்று அட்டவணை போடச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது இவ்வளவு பெரிதல்ல. அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளியாகத் தன்னைக் கற்பனை செய்து ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று ஒரு வீட்டுப்பாடம். மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கோபத்தில் எழுதாதீர்கள். ஒரு இரவு கழித்து மூன்று வரி எழுதுங்கள்: வீட்டுப்பாடத்தைப் பார்த்தோம், பிள்ளைக்கு இது சங்கடமாக இருக்கிறது, இதன் நோக்கத்தைச் சொல்ல முடியுமா, இதே பாடத்தை வேறு விதமாகச் செய்யலாமா? பெரும்பாலும் இதுவே போதும். எங்களுக்குப் போதுமாக இருந்தது. தப்பியோடி வந்த ஒருவர் எழுதும் கடிதமாக மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், வகுப்பு முழுவதற்கும். பதில் வராவிட்டால் முதல்வர், அதற்கும் மேலே பள்ளி வாரியக் கூட்டம். அதில் எந்தப் பெற்றோரும் பெயர் கொடுத்துச் சில நிமிடம் பேசலாம். விசாவில் இருப்பவர்கள் பேசக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

பிள்ளை கேட்கப்போகும் கேள்வி

"அம்மா, அப்போது நான் இருந்திருந்தால் என்னை எந்தப் பள்ளியில் சேர்த்திருப்பார்கள்?"

மழுப்பாதீர்கள். பதில் இருக்கிறது. 1920களில் மிசிசிப்பியில் மார்த்தா லம் என்ற சீனக் குடும்பத்துச் சிறுமியை வெள்ளையர் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அப்பா மளிகைக் கடைக்காரர், வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 1927இல், அவள் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கே போகலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பகத் சிங் திந்த் என்ற இந்தியருக்கு, அவர் வெள்ளையர் அல்ல என்பதால் குடியுரிமை இல்லை என்று சொன்னதும் அதே நீதிமன்றம். பள்ளிகளை நிறம் பார்த்துப் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1954இல் தீர்ப்பு வந்ததற்குக் கறுப்பினக் குடும்பங்கள் வழக்காடியதே காரணம். வாக்குரிமைச் சட்டம் வந்த அதே 1965இல், அந்த உரிமைப் போராட்டத்தின் சூட்டில், குடியேற்றச் சட்டமும் மாறியது. அதுவரை இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடு. நம்மில் முதலில் வந்த மருத்துவர்களும் பொறியாளர்களும் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளையானால் இதையும் சொல்லலாம். 1959இல் கிங் இந்தியாவுக்கு வந்தார், கன்னியாகுமரி வரைக்கும். திருவனந்தபுரத்தில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று மாணவர்களிடம் அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தன் நாட்டு மக்கள் வாழும் நிலையை நினைத்துப் பார்த்து, ஆம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டதை 1965இல் ஒரு பிரசங்கத்தில் நினைவுகூர்ந்தார். இதைச் சொன்னால் பிள்ளை அடுத்து என்ன கேட்கும் என்று உங்களுக்கே தெரியும். நம் தாத்தா அந்தப் பள்ளியின் உள்ளே இருந்திருப்பாரா, வெளியே இருந்திருப்பாரா? உங்கள் வீட்டுப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு இந்தக் கதையை ஆரம்பியுங்கள்.

முடிந்தால் ஒரு பயணம்

அட்லாண்டா பக்கம் இருப்பவர்களுக்குக் கிங்கின் நினைவிடம் அருகிலேயே இருக்கிறது. வாசலில் காந்தி சிலையும் உண்டு, ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கிழக்குக் கரையில் இருப்பவர்கள் வாஷிங்டனில் 2016இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை. ஆனால் நேரம் குறித்த நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போங்கள். சின்னப் பிள்ளைகளோடு போனால் வெள்ளையர்கள் அடித்துக் கொன்ற எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனின் சவப்பெட்டி வைத்திருக்கும் பகுதியைத் தவிர்க்க வழி கேளுங்கள், ஊழியர்கள் காட்டுவார்கள். முழுதும் பார்க்க ஒரு நாள் போதாது. வசதியான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

மாடியிலிருந்து தொடங்காதீர்கள். மேலே இசையும் விளையாட்டும், பிள்ளைகள் அங்கேயே ஒட்டிக்கொள்வார்கள். முதலில் பெரிய லிஃப்டில் ஏறி அடித்தளத்துக்குப் போங்கள். இறங்க இறங்கச் சுவரில் ஆண்டுகள் பின்னோக்கிப் போகும். மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள். பாட்டி பிறந்த ஆண்டைத் தாண்டியது, கார்வர் பிறந்த காலத்தைத் தாண்டியது. "இன்னும் கீழேயா?" என்றாள்.